3.92க்கும் 4.00க்கும் நடுவில்

இந்த ஆண்டு என் தங்கச்சிக்கு எஸ்.டி.பி.எம். முடிவு வந்தது. 3.92. அம்மா நேராகக் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். அப்பா தொழிற்சாலையில் எல்லாரிடமும் சொல்லி முடித்துவிட்டார். தங்கச்சி மட்டும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரவு பத்து மணிக்கு வாட்சாப்பில் அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. "அண்ணா, ரிப்பீட் எழுதட்டுமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. 2017ல் என் கையில் இருந்ததும் அதே 3.92தான். நானும் மறுபடி எழுதினேன். அந்தக் கதையை வீட்டில் யாரும் இப்போது பேசுவதில்லை.

ஆறாம் படிவம் படிக்காதவர்களுக்கு இந்த எண்ணைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எஸ்.டி.பி.எம். தேர்வில் பெரும்பாலோர் நான்கு பாடம் எழுதுவார்கள். பெங்காஜியான் அம் கட்டாயம். அதோடு மூன்று பாடங்கள். ஏ எடுத்தால் 4.00 புள்ளி, ஏ மைனஸ் எடுத்தால் 3.67. நான்கிலும் ஏ என்றால் சராசரி 4.00. மூன்று ஏ, ஓர் ஏ மைனஸ் என்றால் 15.67ஐ நான்கால் வகுக்க வேண்டும், 3.92 வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் எதுவுமே கிடையாது. 3.95 எடுத்த மாணவர் என்று மலேசியாவில் ஒருவரும் இருக்க முடியாது. ஏ மைனஸ் எடுத்தவர் ஏ தரத்துக்கு ஒரு மதிப்பெண்ணில் தவறினாரா, நான்கில் தவறினாரா என்பதும் முடிவுத்தாளில் இருக்காது. அதில் தரம்தான் இருக்கும். 0.08 என்பது அளந்து பார்த்த தூரம் இல்லை. தர அட்டவணையின் படிக்கட்டு உயரம்.

அந்தப் படியில் ஏறத்தான் பிள்ளைகள் நல்ல முடிவைக் கையில் வைத்துக்கொண்டே மறுபடி எழுதுகிறார்கள். இந்தப் பழக்கம் நம் ஊரில் எப்போது தொடங்கியது என்று தேடிப் போனேன். நினைத்ததைவிடப் பழையது.

*

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் ஒரே பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியாக இருந்த காலம். 1885ல் அந்த அரசாங்கம் குயின்ஸ் ஸ்காலர்ஷிப் என்ற உபகாரச் சம்பளத்தை ஏற்படுத்தியது. தொடக்கத்தில் ஆண்டுக்கு இரண்டு பேர். தேறியவர்கள் இங்கிலாந்துக்குப் போய்ப் படிக்கலாம். அன்றைக்கு இங்கே பல்கலைக்கழகம் எதுவும் இல்லாததால், உயர்கல்விக்கு இருந்த வாசல்களில் இதுதான் பெரியது.

1886ல் நடந்த முதல் தேர்வில் ராஃபிள்ஸ் பள்ளி மாணவர் சோங் ஓங் சியாங் முதலிடம் வந்தார். ஆனால் உபகாரச் சம்பளம் கிடைக்கவில்லை. வயது போதாது என்று சொல்லிவிட்டார்கள். 1887ல் லிம் பூன் கெங் அதைப் பெற்றார். அதைப் பெற்ற முதல் சீனர் அவர். சோங்குக்கு 1888ல்தான் கிடைத்தது. பிறகு அவர் கேம்பிரிட்ஜில் சட்டம் படித்துத் திரும்பினார். சிங்கப்பூர்ச் சீனர்களின் நூறாண்டு வரலாற்றை எழுதியவரும் அவர்தான்.

முதலிடம் வந்தவர் ஏன் திரும்பவும் போட்டிக்கு வர வேண்டும்? அவர் மதிப்பெண்ணில் குறை எதுவும் இல்லை. மாற வேண்டியிருந்தது வயது. அது தானாக மாறிவிடும், காத்திருந்தால் போதும். நம் ஊரில் நல்ல மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு மறுபடி போட்டியிட்டவர்களில் எனக்குத் தெரிந்த முதல் ஆள் இவர். தடை தேர்வுத்தாளில் இருக்கவில்லை என்பதையும் குறித்துக்கொண்டேன்.

*

மலாயாப் பல்கலைக்கழகம் 1949ல் சிங்கப்பூரில் தொடங்கியது. பிறகு கோலாலம்பூரில் ஒரு வளாகம் வந்தது, 1962ல் இரண்டும் தனித்தனிப் பல்கலைக்கழகங்களாயின. 1969ல் பினாங்கில் இன்னொன்று தொடங்கும்வரை நாட்டில் அது ஒன்றுதான். ஆறாம் படிவம் முடித்தவர்கள் கேம்பிரிட்ஜின் எச்.எஸ்.சி. தேர்வை எழுதினார்கள். ஆறாம் படிவத்துக்குப் போனவர்களே கொஞ்சம் பேர்தான். தோட்டத்துப் பிள்ளைகளில் இன்னும் குறைவு.

1969 மே கலவரத்துக்குப் பிறகு பல்கலைக்கழக நுழைவு அரசியலின் நடுவுக்கு வந்தது. மஜிட் இஸ்மாயில் தலைமையிலான குழு 1971ல் தந்த அறிக்கை, வளாகத்தில் எந்த இனத்தார் எத்தனை பேர், எந்தத் துறையில் யார் குறைவு என்று பார்த்தது. அதே ஆண்டு அரசியலமைப்பின் 153ஆம் பிரிவில் 8ஏ என்ற உட்பிரிவு சேர்ந்தது. உயர்கல்விக் கூடங்களில் பூமிபுத்ரா மாணவர்களுக்கு இடம் ஒதுக்க அது வழிவகுத்தது. பூமிபுத்ரா 55, மற்றவர் 45 என்ற கணக்கு நம் தாத்தாக்களின் பேச்சில்கூட மனப்பாடமாக இருக்கும். கிராமத்து மலாய்ப் பிள்ளைகள் அறிவியல் துறைகளில் கிட்டத்தட்ட இல்லாமலே இருந்த நிலையை மாற்றத்தான் இது வந்தது. அதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கணக்கில் ஏழை, பணக்காரர் என்ற வரி கிடையாது. ரப்பர் தோட்டத்துப் பிள்ளையும் பெரிய வியாபாரியின் பிள்ளையும் 'மற்றவர்' என்ற ஒரே கட்டத்தில்தான் நின்றார்கள்.

1980ல் மலேசியத் தேர்வு மன்றம் அமைந்தது. 1982ல் எச்.எஸ்.சி. போய் எஸ்.டி.பி.எம். வந்தது. என் பெரிய மாமா அந்தத் தேர்வை எழுதியது 1985ல். அப்போது எல்லாம் ஒரே மூச்சு. ஒன்றரை ஆண்டு படிப்பு ஆண்டுக் கடைசியில் சில நாட்களில் தீர்ந்துவிடும். போதவில்லை என்றால் அடுத்த ஆண்டு தனித்தேர்வராக எல்லாப் பாடத்தையும் திரும்ப எழுதணும். மாமாவுக்கு ஓர் ஏ, இரண்டு பி. எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் அந்த உயரத்தைப் பார்த்ததில்லை. அவர் கேட்ட துறை கிடைக்கவில்லை. ஈப்போவில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்துக்கொண்டே 1986ல் மறுபடி எழுதினார். தரம் மாறவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போனார், நல்ல ஆசிரியராக ஓய்வு பெற்றார்.

இரண்டு முடிவுத்தாளையும் மாமா பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். ஒருமுறை கேட்டேன், "ரெண்டாவது தடவை எழுதினதுக்கு வருத்தம் இல்லையா மாமா?" அவர் சொன்னது: "அந்த வருசம் வேற என்னத்த செஞ்சிருக்க முடியும்? மத்ததெல்லாம் அவங்க கையில. பேனா மட்டும்தானே நம்ம கையில."

*

2002ல் கோட்டா முறைக்குப் பதில் தகுதி அடிப்படையில் இடம் என்று அரசு அறிவித்தது. பல தமிழ்க் குடும்பங்கள் இதை நல்ல செய்தி என்றே எடுத்துக்கொண்டன. இனிமேல் மதிப்பெண் பேசும் என்று நம்பினார்கள். முதல் சேர்க்கையின் முடிவு வந்தபோது இந்திய மாணவர்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு.

ஏன் அப்படி என்பதற்கு ஒரு காரணம் ஏணி ஒன்றாக இல்லாதது. 1990களின் இறுதியில் கல்வி அமைச்சு மெட்ரிகுலேஷன் படிப்பைத் தொடங்கியிருந்தது. ஓராண்டுப் படிப்பு, அதற்கென்று தனித் தேர்வு. முதலில் பூமிபுத்ரா மாணவர்களுக்கு மட்டும். 2003 முதல் 10 விழுக்காடு மற்றவர்களுக்கு. எஸ்.டி.பி.எம். ஒன்றரை ஆண்டு, நாடு முழுக்க ஒரே தேர்வு. இரண்டு பாதையில் வந்தவர்களின் 4.00ம் ஒரே 4.00 ஆகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. எது கடினம் என்று ஆண்டுதோறும் சண்டை நடக்கும். அதற்குள் நான் போகவில்லை. பொறியாளனாக ஒன்று மட்டும் சொல்வேன். வேறு வேறு இரண்டு கருவிகளால் அளந்து, இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுவதால் அளவும் ஒன்றே என்று எழுதிக் கொடுத்தால் எங்கள் தளத்தில் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

2004ல் நடந்தது இன்னும் தெளிவான பாடம். எஸ்.டி.பி.எம். தேர்வில் 4.00 எடுத்த 128 பேருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் கிடைக்கவில்லை. நாளிதழ்களிலும் நாடாளுமன்றத்திலும் பெரிய விவாதம் ஆனது. விவாதத்தில் பேசியவர்கள் பெரும்பாலும் இனக்கணக்கையே பேசினார்கள். அதைத் தவிர்க்கவும் முடியாது. ஆனால் அந்தச் செய்தியை இன்று படிக்கும்போது எனக்கு வேறொன்று படுகிறது. அந்த 128 பேரால் மறுபடி எழுதி உயர்த்த முடியாது. 4.00க்கு மேலே படியே இல்லை. உச்சத்தில் இடத்தைவிட ஆட்கள் அதிகமாகிவிட்டால் மதிப்பெண்ணால் அவர்களைப் பிரிக்க முடியாது. தேர்ந்தெடுக்கும் வேலை வேறு இடத்துக்குப் போய்விடும்.

*

அதே காலத்தில் எஸ்.பி.எம். பக்கம் வேறு விதமான ஓட்டம். அங்கே சராசரிக்குப் பதில் ஏ எண்ணிக்கை. 2004 எஸ்.பி.எம். தேர்வில் ஒரு மாணவி 17 பாடங்களில் 1ஏ எடுத்தார். நாடே கொண்டாடியது. அடுத்து வந்தவர்கள் அதையும் தாண்டப் பார்த்தார்கள். ஏற்கெனவே பத்து ஏ எடுக்கக்கூடிய பிள்ளை, உபகாரச் சம்பள வரிசையில் முன்னால் நிற்க மேலும் சில பாடங்களைச் சேர்த்துக்கொண்டது.

இதை நிறுத்த 2009ல் ஒரு முடிவு வந்தது. அடுத்த ஆண்டு முதல் எஸ்.பி.எம். தேர்வில் பத்துப் பாடம்தான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இப்போது ஓர் அறிவியல் வகுப்புத் தமிழ் மாணவியின் பட்டியலை எண்ணிப் பாருங்கள். மலாய், ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல். ஒன்பது ஆகிவிட்டது. தமிழ்மொழி பத்து. தமிழ் இலக்கியம் பதினொன்று.

பதினேழு ஏ ஓட்டத்தில் இல்லாத பிள்ளைகளின் இலக்கியப் பாடம் அந்த வேலியில் அடிபட்டது. பல பள்ளிகளில் இலக்கிய வகுப்பு கால அட்டவணையில்கூட இராது. சனிக்கிழமைகளில் யாராவது ஓர் ஆசிரியர் தன் செலவில் வந்து நடத்துவார். தமிழ் அமைப்புகள் குரல் எழுப்பின. அந்த ஆண்டின் இறுதியில், கூடுதலாக இரண்டு பாடம் எடுத்து மொத்தம் பன்னிரண்டு எழுதலாம் என்று அமைச்சரவை தளர்த்தியது. இந்த இதழைப் படிக்கும் என் வயதுக்காரர்களில் சிலர் முதன்முதலில் ஒரு நாவலை முழுசாகப் படித்தது அந்தப் பதினொன்றாவது பாடத்துக்காகத்தான் இருக்கும். எனக்கு அப்படித்தான்.

*

2012ல் எஸ்.டி.பி.எம். மூன்று பருவமாகப் பிரிந்தது. ஒவ்வொரு பருவத்துக்கும் தேர்வு, கூடவே பள்ளியில் செய்யும் பணிக்கும் ஒரு பங்கு. முக்கியமான மாற்றம் இதுதான்: ஒரு பருவத்தின் தாளை மட்டும் தனியாக மறுபடி எழுதலாம். இரண்டில் எது உயர்வோ அது கணக்கில் வரும். மாமாவுக்கு ஓராண்டு ஆனது எங்களுக்குக் கொஞ்சம் கட்டணமும் சில வாரங்களும் ஆனது. குறைந்துவிடுமோ என்ற பயமும் இல்லை. ஆகவே 3.5 எடுத்தவர்களும் எழுதுகிறார்கள், 3.92 எடுத்தவர்களும் எழுதுகிறார்கள். நல்ல ஏற்பாடு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

நானும் எழுதினேன். என் ஏ மைனஸ் பெங்காஜியான் அம் பாடத்தில். ஒரு மாதம் அரசியலமைப்பும் கட்டுரையுமாக உட்கார்ந்தேன். முடிவு வந்தது. ஏ மைனஸ்.

நான் கேட்டது மருத்துவம். கிடைத்தது கட்டடப் பொறியியல். அடுத்த பல ஆண்டுகள் என் தலைக்குள் ஒரே வாக்கியம்: 0.08ல் போச்சு. பாலத்துக்கும் வடிகாலுக்கும் கணக்குப் போட்டுப் பிழைப்பவன், இந்த ஒரு கணக்கை மட்டும் போட்டுப் பார்க்கவே இல்லை. தங்கச்சியின் குரல் பதிவைக் கேட்ட இரவுதான் போட்டேன்.

அரசுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தகுதிப் புள்ளி நூறுக்கு. தேர்வுக்கு 90, புறப்பாடத்துக்கு 10. சராசரியை நான்கால் வகுத்துத் தொண்ணூறால் பெருக்க வேண்டும். 4.00 என்றால் 90. 3.92 என்றால் 88.2. நான் பத்து ஆண்டு சுமந்த படியின் உயரம் 1.8 புள்ளி. என் புறப்பாடம் 6.5. மொத்தம் 94.7. ஏ வந்திருந்தால் 96.5. என் வகுப்பில் ஒரு தோழி 4.00 எடுத்தாள், புறப்பாடம் 6.8. மொத்தம் 96.8. அவளும் மருத்துவம்தான் கேட்டாள். அவளுக்கும் கிடைக்கவில்லை. அந்த 0.08 எனக்குக் கிடைத்திருந்தாலும், இந்தக் கணக்கில் நான் அவளுக்கு ஒரு படி பின்னால்தான் நின்றிருப்பேன். மருத்துவத்துக்கு நேர்முகத் தேர்வு வேறு இருக்கிறது.

புறப்பாடத்தில் ஏன் 6.5? மாநில அளவில், தேசிய அளவில் கலந்துகொண்டால்தான் அதில் புள்ளி ஏறும். பயிற்சி எல்லாம் பிற்பகலில். எங்கள் பள்ளிப் பேருந்து இரண்டு மணிக்குக் கிளம்பிவிடும். அதை விட்டால் வீட்டுக்குப் போக வழியில்லை. அப்பாவுக்குப் பகல் ஷிப்ட். இதை யாருடைய குற்றம் என்றும் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த இரண்டு மணிப் பேருந்தை மறுபடி பிடிக்காமல் விட எனக்கு எந்த விண்ணப்பப் பாரமும் கிடையாது. புறப்பாடத்துக்கு ரிப்பீட் இல்லை. நேர்முகத் தேர்வுக்கு ரிப்பீட் இல்லை. எந்த ஏணியில் ஏறத் தொடங்கினோம் என்பதற்கு ரிப்பீட் இல்லை. தேர்வுத்தாளுக்கு மட்டும் இருக்கிறது. இருப்பதால்தான் அதையே செய்கிறோம். செய்து செய்து, குறை அங்கேதான் இருந்தது என்று நம்பியும் விடுகிறோம்.

2024ல் எஸ்.பி.எம். தேர்வில் பத்து ஏ எடுத்த எல்லா இனத்தாருக்கும் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தார். நல்ல முடிவுதான். பல வீடுகளில் இனி கண்ணீர் மிச்சம். ஒன்பது ஏ எடுத்த பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த ஓர் எழுத்தைப் பற்றிய பேச்சு இனி எப்படி இருக்கும் என்பதையும் என்னால் யோசிக்க முடிகிறது.

*

மறுநாள் தங்கச்சியைக் கூப்பிட்டேன். அவளுடைய புறப்பாடம் 8.1. என்னைவிடக் கெட்டிக்காரி, வலைப்பந்தில் மாநில அளவுக்குப் போனவள். அப்பா அவளுக்காகப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கி, தினமும் ஆறு மணிக்குப் பள்ளி வாசலில் நின்றார். 88.2ம் 8.1ம் 96.3. "நாலு வாங்கி, புறப்பாடம் ஆறுல நிக்கிறவங்கள நீ இப்பவே தாண்டிட்ட" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. இந்தக் கணக்கை அவளுக்கும் யாரும் போட்டுக் காட்டியதில்லை.

"அப்ப எழுத வேணாமா?"

"எழுது. கட்டணம் நான் கட்டுறேன். வந்தா 98.1. ஆனா வரலன்னா அதுக்கப்புறம் உன்னையே திட்டிக்கிட்டு இருக்காத. நான் அப்படித்தான் இருந்தேன். ரொம்ப வருசம்."

எனக்குப் பின்னால் அவ்வளவு நாள் அது இருந்ததை அவளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. "தெரியும்ணா" என்றாள். "உன் அலமாரியில அந்த பெங்காஜியான் அம் புத்தகம் இன்னும் இருக்கு. அதைத்தான் நான் படிச்சேன்."

அவளுக்கும் ஏ மைனஸ் வந்தது அதே பாடத்தில்தான். இப்போது சனிக்கிழமை காலையில் வீடியோ அழைப்பில் இருவரும் பழைய கேள்வித்தாள் பார்க்கிறோம். போன வாரம் 153ஆம் பிரிவு வந்தது. 8ஏ எப்போது சேர்ந்தது என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னாள்: "1971."